நாலாம் மாதத்தில் யார் வருவார்? ஒரு வலைப்பந்தாட்டப் பிள்ளையின் முழங்காலும் அவளைச் சுற்றியிருந்தவர்களும்

முழங்காலில் ஏசிஎல் (முழங்கால் விலகாமல் உள்ளேயிருந்து பிடித்திருக்கும் லிகமென்ட் என்ற நார்) அறுந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இல்லாமல் போவதில்லை. முதல் கிழமை வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டம் கலைந்து, பிள்ளை நொண்டாமல் நடக்கத் தொடங்கி, "இப்ப சுகம்தானே" என்று எல்லோரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போகும் மூன்றாம், நாலாம் மாதத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. காயப்பட்ட வீரருக்கு ஆதரவு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், சரி, ஆனால் எந்த ஆதரவு, யாரிடமிருந்து, எந்த மாதத்தில் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த எழுத்து அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிறவள் ஒரே ஒரு பிள்ளை அல்ல. பாடசாலை அணிகளில் விளையாடி முழங்கால் போன பிள்ளைகளின் வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறவற்றைச் சேர்த்து ஒருத்தியாக எழுதியிருக்கிறேன், யாரையும் யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக. மருத்துவ ஆய்வுகளின் எண்கள் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன. பெயர் வேண்டாம், பிள்ளை என்றே சொல்வோம்.

காயம்

வயது 17. வலிகாமத்தில் ஒரு கிராமம், உயர்தரம் வணிகப் பிரிவு, அணியில் சென்டர், நடுவில் நின்று பந்தை நகர்த்தும் இடம். அப்பா தோட்டம் செய்கிறவர், அம்மா வீட்டில், கீழே 12 வயதில் ஒரு தம்பி. வடக்கில் பெண்பிள்ளைகள் வலைப்பந்தாட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு தர்ஜினி சிவலிங்கம் ஒரு முக்கிய காரணம். யாழ்ப்பாணத்திலிருந்து போய், 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் விளையாடியவர். எங்கள் பிள்ளையின் கொப்பி மட்டையிலும் அவருடைய படம்தான் ஒட்டியிருந்தது.

காயம் நடந்த விதத்தில் புதினம் ஒன்றும் இல்லை. எதிரணி எறிந்த பந்தை நடுவில் பாய்ந்து பிடித்தாள், ஒற்றைக் காலில் இறங்கினாள், உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. யாரும் இடிக்கவில்லை. பந்து கையில் இருக்கும்போது ஊன்றிய காலைத் தூக்கலாம், ஆனால் பந்தை விடுவதற்கு முன் அதை மறுபடி ஊன்றக்கூடாது, பந்தை 3 செக்கனுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது என்பது வலைப்பந்தாட்ட விதி. அதனால் முழு வேகத்தில் ஓடி வருகிறவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, அந்த அடி முழுவதையும் முழங்கால் வாங்குகிறது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாள். எழும்பி நாலடி நடந்தாள், நோவும் அவ்வளவு இல்லை, திரும்பி ஓடப் பார்த்தபோது முழங்கால் விலகி விழுந்தாள். பொழுதுபடுவதற்குள் முழங்கால் பந்துபோல வீங்கிவிட்டது. சில மணித்தியாலத்துக்குள் இப்படி வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், ஏசிஎல் போயிருக்கலாம் என்று சந்தேகிக்க அந்த ஒன்றே போதும்.

அன்றிரவு பரியாரியாரிடம் கொண்டு போனார்கள். இந்த இடத்தில் நாட்டு வைத்தியத்தைத் திட்டப் போகிறேன் என்று நினைப்பீர்கள், இல்லை. அவர் தொட்டுப் பார்த்தார், எண்ணெய் போடவில்லை, இழுக்கவில்லை. "தம்பி, இது எலும்பு இல்லை. உள்ளுக்க சவ்வு போட்டுது போல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். இந்தக் கதை முழுவதிலும் பிள்ளைக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான, மிகச் சரியான ஆலோசனை அதுதான். தன் கைக்கு எட்டாதது எது என்று தெரிந்த ஒருவர் இருந்ததால் மூன்று கிழமை வீணாகவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி வாய்ப்பதில்லை.

காசும் கருத்தும்

எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், சீக்கிரம் வேண்டுமென்றால் தனியாரிடம். கனடாவில் இருக்கும் மாமா அன்றே காசு அனுப்பினார். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இது பெரிய பலம், மறுக்க முடியாது. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றாலும் ஸ்கான், முழங்கால் பட்டி, கிழமைக்குக் கிழமை ஓட்டோக் காசு, அப்பா தோட்டத்தை விட்டு வரும் நாட்கள் என்று செலவு வேறு வழியாக வந்துகொண்டேயிருக்கும்.

ஆனால் காசோடு கருத்தும் வந்தது. இரவானால் மாமா அழைப்பார். "ஏன் இன்னும் ஒப்பரேசன் செய்யேல்லை? கொழும்புக்குக் கொண்டு போங்கோ." பக்கத்து வீட்டு அன்ரி, கத்தி வைத்தால் பிறகு பிள்ளை பெறுகிற நேரம் கரைச்சல் என்றார் (எங்கிருந்து இதைப் பிடித்தாரோ தெரியாது, இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை). ரியூசன் சேர் ஒருவர் ஆறு மாதம் படுக்கை என்றார். பிள்ளை யூடியூப்பில் வேறு தேடிக்கொண்டிருந்தாள்.

ரீஸ், ஹார்டி என்ற இரு ஆய்வாளர்கள் உயர்மட்ட வீரர்களிடம் பேசி 2000இல் எழுதிய கட்டுரையில், ஆதரவை உணர்வு, மதிப்பு, தகவல், பொருள் என்று நான்காகப் பிரித்தார்கள். பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்வது ஒன்று, உன்னால் முடியும் என்று நம்பிக்கையைத் தூக்கிவிடுவது இன்னொன்று, வழி சொல்வது வேறு, காசு, வாகனம், கை உதவி வேறு. இந்தப் பிரிவு எங்கள் ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது. எங்களிடம் உணர்வும் பொருளும் தாராளம். தகவல் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, ஆனால் பாதி பிழை. மதிப்பு என்கிற அந்த இரண்டாவதுதான் பஞ்சம், அதுவும் பெண்பிள்ளை என்றால் இன்னும் பஞ்சம். "கால் போனால் என்ன, படிப்பைப் பார்" என்பது ஆறுதல் மாதிரிக் கேட்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் காதில் அது 'நீ விளையாடினது ஒரு பொருட்டே இல்லை' என்றுதான் விழுகிறது.

குழப்பத்தை நிறுத்தியவர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). அவர் முதலில் கேட்டது, "வீட்டில ஆர் முடிவு எடுக்கிறது?" அப்பாவையும் அம்மாவையும் இருத்தி, மாமாவையும் கைபேசியில் பிடித்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விடயத்தைச் சொன்னார். ஏசிஎல் அறுந்த எல்லோருக்கும் உடனே கத்தி வேண்டும் என்றில்லை. சுவீடனில் 121 இளம் ஆட்களை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு சத்திரசிகிச்சை என்று போனவர்களுக்கும் உடனே செய்தவர்களுக்கும் இரண்டு வருட முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, பிந்தச் செய்யலாம் என்று விட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த இரண்டு வருடத்தில் அது தேவைப்படவும் இல்லை. ஆனால் இவள் வெட்டித் திரும்பிக் குதிக்கும் விளையாட்டுக்கே திரும்பப் போகிறேன் என்கிறாள், நடக்கும்போதே முழங்கால் விலகுகிறது. சத்திரசிகிச்சை நிபுணரும் செய்வதுதான் நல்லது என்றார். அதற்கு முன் வீக்கம் வற்றி கால் முழுதாக நீளவேண்டும், அதுவரை பயிற்சி. மாமாவின் இரவு அழைப்பு அதோடு அடங்கியது. அவர் கெட்டவர் இல்லை, தூரத்தில் இருப்பவருக்குப் பதற்றம் கூட, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை அவருக்கு நிலவரம் அனுப்பும் வேலை தம்பிக்கு.

தலையணை

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவளுடைய தொடைப் பின்பக்கத் தசைநாணிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் விடயம்.

ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிளும் ஆரஞ்சுமாக ஆட்கள் வந்தார்கள். அம்மா பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே மெத்தென்ற தலையணை ஒன்றை வைத்தார். பார்க்க எவ்வளவு அன்பான காரியம்! ஆனால் அந்தத் தலையணைதான் முதல் இரண்டு கிழமையின் மிகப்பெரிய எதிரி. முழங்கால் மடிந்தபடியே கிடந்தால் சுகமாக இருக்கும், ஆனால் முழுதாக நீளாது, நீளாத காலை வைத்து நொண்டாமல் நடக்க முடியாது, பிறகு அதை நீட்ட எடுக்கும் பாடு சொல்லி மாளாது. வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசைக்கு மூளை சரியாகக் கட்டளை அனுப்புவதும் இல்லை, தசை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றிவிடும். தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே மாற்றுங்கோ, முழங்கால் அந்தரத்தில் தொங்கி நீளட்டும் என்று இயன்மருத்துவர் காட்டிக் கொடுத்தபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது, பிள்ளைக்கு நோகுமே என்று.

"எழும்பாதை பிள்ளை, நான் எடுத்துத் தாறன்." இந்த வசனத்தைச் சொல்லாத தாய் எங்கள் ஊரில் இல்லை. அன்பைக் குறைக்கச் சொல்ல முடியாது, வேலையை மாற்றிக் கொடுக்கலாம். அம்மாவுக்குக் கொடுத்த வேலை ஐஸ் வைப்பதும், வேளைக்கு வேளை கால் நீட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும், முட்டை, மீன், பருப்பு என்று தசைக்கு வேண்டியதைச் சமைப்பதும். தம்பிக்குக் கொடுத்த வேலை எண்ணுவது, பயிற்சியைக் கைபேசியில் பதிந்து அனுப்புவது. அப்பா பழைய லுமாலா சைக்கிளின் பின்சில்லு நிலத்தில் படாமல் ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்தார், நின்ற இடத்திலேயே மிதிக்க. கணுக்காலில் கட்ட அளந்து தைத்த மண்பை. இயன்மருத்துவரை அவள் பார்ப்பது கிழமையில் ஒரு நாள்தான், மற்ற ஆறு நாளும் வைத்தியசாலை என்றால் அது இந்த வீடுதான்.

ஒரு சின்னச் சிக்கல் நல்லூரில் வந்தது. கால் சுகப்பட்டால் பிள்ளை திருவிழாவில் அடியழிப்பாள் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். அடிக்கு அடி விழுந்து எழும்பி வீதி சுற்றி வருவதென்றால் ஒட்டுப்போட்ட முழங்காலில் மணலிலும் வெயிலிலும் மண்டியிட வேண்டும். அது வேண்டாம் என்றால் அம்மாவுக்கு முருகனிடம் கடன் நின்றுவிடும். யாரும் விஞ்ஞானம் பேசி அம்மாவை மடக்கப் பார்க்கவில்லை, நல்லகாலம். நேர்த்தியை நான் செய்கிறேன், பிள்ளை வீதியில் நடந்து வரட்டும் என்று அம்மாவே வழி கண்டுபிடித்தார். நம்பிக்கையையும் ஆதரவின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே இடம் தேடுவதுதான் நடக்கக்கூடிய காரியம்.

நாலாம் மாதம்

இனித்தான் விடயத்துக்கு வருகிறோம். மூன்று மாதம் முடிய அவள் சாதாரணமாக நடந்தாள், ரியூசனுக்குச் சைக்கிளில் போனாள், நோ இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவள் சுகப்பட்டுவிட்டாள். ஆனால் உள்ளே வைத்த ஒட்டு எடுத்த எடுப்பில் லிகமென்ட் ஆகிவிடுவதில்லை. முதலில் அதற்கு இரத்த ஓட்டமே கிடையாது, பழைய கலங்கள் செத்து, புதிய இரத்தக் குழாய் வளர்ந்து, மெல்ல மெல்ல உருமாறுகிறது, அந்த உருமாற்றத்தின் நடுவில் வைத்த நாளை விட அது பலவீனமாகவே இருக்கும். ஆக, நோ போய்விடுகிற காலமும் ஒட்டு நம்ப முடியாமல் இருக்கிற காலமும் ஒன்றோடொன்று வந்து விழுகின்றன. வருகிறவர்கள் நின்றுவிடுவதும் அதே காலத்தில்தான்.

அணி வேறு போட்டிகளுக்குப் போகத் தொடங்கியிருந்தது. வட்ஸ்அப் குழுவில் பஸ் எத்தனை மணிக்கு, எந்த நிறச் சட்டை என்று செய்தி வரும், அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பகை ஒன்றும் இல்லை, வேண்டுமென்று ஒதுக்கவும் இல்லை, அவளுக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவுதான். சென்டர் இடத்தில் வேறொருத்தி நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாள். பயிற்சியோ சலிப்பு: அதே ஒற்றைக்கால் குந்தல், அதே படி ஏறி இறங்கல், அதே மண்பை. ஒரு கிழமை விட்டாள், பிறகு இரண்டு கிழமை. தம்பியிடம் பழைய வீடியோவையே திரும்ப அனுப்பச் சொன்னாள். இயன்மருத்துவர் கண்டுபிடித்தது வீடியோவால் இல்லை, தொடையை நாடாவால் அளந்தபோது. சுற்றளவு கூடவில்லை.

அப்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அதே பாடசாலையில் முன்பு விளையாடி, இதே காயம் பட்டு, இப்போது கழகம் ஒன்றில் விளையாடுகிற அக்கா. அவர் அறிவுரை சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வந்து கூடவே செய்தார், தன் வடுவைக் காட்டினார், தனக்கும் நாலாம் மாதம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போல் இருந்ததைச் சாதாரணமாகச் சொன்னார். இயன்மருத்துவர் எத்தனை தடவை சொன்னாலும் இது அவரால் முடியாது, அவருடைய முழங்காலில் வடு இல்லையே. மற்றவர் பொறுப்பாசிரியை. ரீச்சர் அவளை அணிக்குத் திரும்பக் கூப்பிட்டார், விளையாட அல்ல, எதிரணி சென்டர் பாஸை எந்தப் பக்கம் எறிகிறாள், யார் எத்தனை பந்தைப் பறிகொடுக்கிறாள் என்று எழுத. முதல் இரண்டு ஆட்டம் கடமைக்கு எழுதினாள், அப்புறம் இடைவேளையில் அவள் என்ன சொல்கிறாள் என்று மற்றப் பிள்ளைகள் கொப்பியைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். மதிப்பு என்று மேலே சொன்னேனே, அது இதுதான். 'நீ கெட்டிக்காரி' என்று நூறு தடவை சொல்வதை விட, நீ சொன்னால் நான் கேட்பேன் என்று ஒரு தடவை நடந்து காட்டுவது.

இந்த இரண்டும் தற்செயலாக நடந்தவை. எனக்கு உறுத்துவது அதுதான். அக்கா அந்த ஊரிலேயே இருந்தார், ரீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருந்தால்?

'முடியாது' என்று யார் சொல்வது?

ஏழாம் மாதத்தில் அதே ரீச்சர் வீட்டுக்கு வந்தார். வலய மட்டப் போட்டி கிட்டுகிறது, பாடசாலையில் அவளுக்கு இது கடைசி வருடம், மேல் மட்டங்களில் பெரிய வெற்றி கிடைத்தால் விளையாட்டுக்கான விசேட அனுமதியில் பல்கலைக்கழகம் போகும் வாய்ப்பும் இருக்கிறது. "ஒரு குவாட்டர் மட்டும், நிண்டு பந்தைக் குடுத்தால் காணும்" என்றார், குவாட்டர் என்றால் ஆட்டத்தின் நாலில் ஒரு பகுதி. அவர் கொடுமைக்காரி இல்லை, பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கேட்டார். அவருடைய அதிபர் அவரைக் கேட்கிறார், அதிபரைப் பழைய மாணவிகள் கேட்கிறார்கள். நெருக்குதலும் அதே ஆதரவுக் கயிறு வழியாகத்தான் இறங்கி வருகிறது.

பிள்ளையிடம் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வாள். 17 வயதில், தன்னை மறக்காமல் கூப்பிட்டு வேலை கொடுத்த ரீச்சரிடம், முடியாது என்று எப்படிச் சொல்வாள்? இயன்மருத்துவர் அந்தச் சுமையை அவள் தலையில் வைக்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தார், எண்ணும் சொன்னார். 2016இல் வெளிவந்த நோர்வே ஆய்வு ஒன்றில், 9 மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுபடி காயப்படும் வீதம் 51 சதவீதம் குறைந்தது. தசைப்பலம், தாவல் சோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே மறுகாயம், தேறாமல் போனவர்களில் 38.2 சதவீதம். சிறிய ஆய்வுதான், 106 பேர், ஆனாலும் அந்த வேறுபாட்டைத் தட்டிக் கழிக்க முடியாது. அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டொக்ரர்மார் விடச் சொன்னால்தான் இறக்குவம் ரீச்சர், குறை நினையாதேங்கோ" என்றார். பேச்சு முடிந்தது. அவள் அந்த வருடப் போட்டியில் விளையாடவில்லை. இரவு அழுதாள், அதற்கு யாரிடமும் மருந்து இல்லை, அம்மா பக்கத்தில் படுத்திருந்தார்.

பயம்

பத்தாம் மாதம் பலத்தில் மற்றக் காலின் 90 சதவீதத்தைத் தாண்டினாள், ஒற்றைக்கால் தாவலிலும் தேறினாள். ஆனால் பந்து உயரத்தில் வந்தால் குதிக்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள். இதை அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று 12 கேள்விகள், அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டது: முழங்கால் விலகிவிடும் என்று பயமா, விளையாட நினைத்தால் பதற்றமா, என்கிற மாதிரி. இவளுக்குப் புள்ளி குறைவு, அதாவது பயம் கூட. இது அரிதானதும் இல்லை. உலகெங்கும் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கட்டுரையின்படி, சத்திரசிகிச்சை செய்தவர்களில் 81 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள், போட்டி மட்டத்துக்குத் திரும்புவோர் 55 சதவீதம்தான். தசை தேறியும் மனம் தேறாதவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள்.

பயத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துப் போக்க முடியாது. அதற்கு அணி வேண்டும். முதலில் யாரும் இல்லாமல் குதித்து இறங்கல், பிறகு ஒருத்தி மெதுவாக எறியும் பந்து, பிறகு திசை சொல்லாமல் எறிதல், பிறகு எதிரில் ஒருத்தி நின்று தடுத்தல். மூன்று பிள்ளைகள் தங்கள் பயிற்சி முடிந்த பிறகு அரை மணித்தியாலம் இதற்காக நின்றார்கள். ஒருநாள் அவள் இடறி விழுந்து, மற்றவர்கள் பதறி ஓடிவர, அவள் எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு "ஒண்டுமில்லை, எறி" என்றாளாம். புள்ளி ஏறியது அதற்குப் பிறகுதான். விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்த முழங்கால்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, வேறு யார் சொன்னாலும் எடுபடவில்லை.

இப்போது

ஒரு வருடத்துக்குச் சற்றுப் பிந்தி, அந்த அக்காவின் கழகத்தில் விளையாடத் தொடங்கினாள். சென்டர் இல்லை, விங் டிபென்ஸ், பக்கவாட்டில் நின்று தடுக்கும் இடம். வேகம் பழையபடி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், எதிரணியின் பந்து எங்கே போகும் என்று முன்கூட்டி அறிவது கூடியிருக்கிறது, அந்தக் கொப்பி எழுதிய காலத்தின் பலன் என்று நினைக்கிறேன். விசேட அனுமதி கிடைக்கவில்லை, உயர்தரப் பெறுபேற்றை வைத்துத்தான் போக வேண்டும்.

அந்த ஏழாம் மாதத்தில் ஒரு குவாட்டர் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் ரீச்சர் இன்றைக்கும் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவரும் விடுவதாக இல்லை. ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறார். அணியில் யாராவது நீண்ட காயத்தோடு வெளியே போனால், எட்டாம் கிழமையிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போக அணியிலேயே ஒருத்தியின் பெயரை எழுதி வைக்கிறார், ஸ்கோர் கொப்பியும் காயப்பட்டவளுக்கே. வலைப்பந்தாட்டத்துக்கென்றே அவுஸ்திரேலியாவில் தயாரித்த முழங்கால் பாதுகாப்பு வார்ம்-அப் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் பயிற்சிக்கு முன் செய்விக்கத் தொடங்கியிருக்கிறார்கள், பாதி நாட்கள் நேரமில்லை என்று விட்டும் விடுகிறார்கள். பழைய மாணவிகள் சங்கம் அடுத்த பருவத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது புதுச் சட்டை என்றுதான் பட்டியல் போனது. அதே காசில் மாதத்துக்கு இரண்டு நாள் இயன்மருத்துவர் ஒருவரை மைதானத்துக்கு வரவைக்கலாமே என்று கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.